காலி மண்டபத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

விழா, கருத்தரங்கு, ஆண்டுக் கூட்டம் என்று எதற்காக இடம் தேடினாலும் வருகிற குழப்பங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வாசகர்கள் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மண்டபத்துக்காரர்கள் ‘300 பேர் அமரலாம்’ என்கிறார்கள். கூடம் 60-க்கு 45 அடி. எங்கள் கூட்டத்துக்கு 280 பேர் வருவார்கள். போதும்தானே?

பதில்: போதாது. 60-ஐ 45-ஆல் பெருக்கி, ஆளுக்கு 9 சதுர அடி என்று வகுத்தால் சரியாக 300 வரும். அந்தக் கணக்கில் மேடை இல்லை, நடக்க வழி இல்லை, சவுண்டு ஆள் உட்கார மேஜைகூட இல்லை. நாமே போட்டுப் பார்ப்போம்.

நீளம் 60 அடி. அதில் மேடைக்கு 12 அடி. மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே 6 அடி. இதைக் குறைத்தால் முன்வரிசைக்காரர்கள் நிகழ்ச்சி முழுக்க அண்ணாந்தே இருக்க வேண்டும். பின்னால், வாசலில் வந்து நிற்பவர்களுக்கும் ஒலி, ஒளி மேஜைக்கும் 8 அடி. மீதி 34 அடி. வரிசைக்கு வரிசை 3 அடி வைத்தால் 11 வரிசை போடலாம். அகலம் 45 அடியில் நடுவழிக்கு 5 அடி, சுவரோர வழிகளுக்குத் தலா 4 அடி போக, பக்கத்துக்கு 16 அடி நிற்கும். 20 அங்குல நாற்காலி அதில் 9 பிடிக்கும். வரிசைக்கு 18, மொத்தம் 198. தூண் மறைக்கிற இடங்கள் இருந்தால் இதிலும் பத்துப் பன்னிரண்டு குறையும்.

சாப்பாடும் அதே கூடத்தில், வட்ட மேஜை போட்டு என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். ஆளுக்கு 12 சதுர அடியாவது வேண்டும். மீதமிருக்கும் 34-க்கு 45 அடியில் 127 பேர்தான் உட்கார முடியும். 280 பேருக்கும் மேஜை வேண்டுமென்றால் மேடையும் வழியும் சேர்த்துச் சுமார் 4,500 சதுர அடிக் கூடம் தேடுங்கள், அல்லது சாப்பாட்டுக்குத் தனி அறை கேளுங்கள்.

பார்க்கப் போகும்போது அளக்கிற டேப் எடுத்துப் போங்கள். அன்றைக்குப் போடப்போகும் அதே நாற்காலியில் நாலை வாங்கி, 3 அடி இடைவெளியில் முன்னும் பின்னுமாகப் போட்டு உட்காருங்கள். உங்கள் முழங்காலில் இடிக்காமல் ஒருவர் கடந்துபோக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் ஒரு வரிசையைத் துணிந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புரொஜெக்டர் திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: கடைசி வரிசைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை 6-ஆல் வகுங்கள், அதுதான் திரையின் குறைந்தபட்ச உயரம். மேலே சொன்ன கூடத்தில் மேடையின் பின்சுவரில் திரை என்றால் கடைசி வரிசை 51 அடியில் இருக்கும். எட்டரை அடி உயரத் திரை வேண்டும். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க, திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து 4 அடிக்கு மேலே நிற்க வேண்டும். ஆக, கூரை 13 அடியாவது உயரமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அலங்கார விளக்கு தொங்கினால் அதன் அடிநுனியிலிருந்து அளக்க வேண்டும்.

கேள்வி: சென்ற கூட்டத்தில் மைக் சத்தம் காதைப் பிளந்தது. ஆனாலும் பின்வரிசையில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஸ்பீக்கரைப் பெரிதாக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் கூடத்தில் குறை, சத்தம் போதாமை கிடையாது, எதிரொலி. கண்ணாடி, டைல்ஸ், வெறுஞ்சுவர் எல்லாம் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும். முந்தைய சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும்.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கை தட்டுங்கள். ஒரு விநாடிக்கு மேல் ஒலி இழுத்துக்கொண்டே நின்றால் பேச்சுக்கு அது சிரமமான இடம். ஆட்கள் நிரம்பினால் ஓரளவு குறையும், ஏனென்றால் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பின்சுவரில் கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சின்ன ஸ்பீக்கர்களை ஆட்களுக்கு அருகில் பிரித்து வையுங்கள்.

பிரித்து வைக்கும்போது ஒரு விஷயம் தவறிப்போகும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். வயரில் போகும் மின்சமிக்ஞையோ உடனே போய்விடும். மேடையிலிருந்து 20 மீட்டரில் வைத்த துணை ஸ்பீக்கர் முந்திக்கொண்டு பேசும், மேடை ஒலி 58 மில்லி விநாடி கழித்து வந்து அதைக் கலைக்கும். துணை ஸ்பீக்கருக்கு அந்த அளவு ‘டிலே’ (தாமதம்) வைக்கச் சவுண்டு ஆளிடம் சொல்லுங்கள். மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் வந்தால் ‘கீ’ என்று கத்தும். பேசுபவர் வாயிலிருந்து நாலு விரல்கடை தூரம் சரியாக இருக்கும்.

கேள்வி: ஜெனரேட்டர் இருந்தும் விழா நடுவே மேடை மட்டும் இருண்டுவிட்டது. ஏன்?

பதில்: மேடை மட்டும் என்றால் பெரும்பாலும் மின்தடை இல்லை, அந்த ஒரு லைன் லோடு தாங்காமல் ட்ரிப் ஆகியிருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் 16 ஆம்பியர் லைன் 3,680 வாட் தரும். நீண்ட நேரம் ஓடுவதற்கு அதில் 80 சதவீதம், சுமார் 2,900 வாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேடையில் 1,000 வாட் விளக்கு இரண்டு எரியும்போது யாரோ பக்கத்துப் பிளக்கில் 2,000 வாட் தண்ணீர்க் கெட்டிலைச் சொருகினால் முடிந்தது கதை. எந்தப் பிளக் எந்த எம்.சி.பி.யில் (லோடு கூடினால் லைனைத் தானே அணைக்கும் சுவிட்சில்) வருகிறது என்று மண்டப எலக்ட்ரீஷியனோடு நின்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, டேப் ஒட்டி எண் எழுதுங்கள். சமையல், தேநீர், மேடை விளக்கு, ஒலி எல்லாம் தனித்தனி லைன். கேபிள் டிரம் (வயர் சுற்றிய உருளை) பயன்படுத்தினால் வயரை முழுக்கப் பிரித்துப் போடுங்கள்; சுற்றியபடியே கனமான லோடு கொடுத்தால் உள்சுற்று சூடாகி உருகும்.

ஜெனரேட்டர் தானாக மாறினாலும் சில விநாடி இடைவெளி உண்டு. ஒலி மிக்சர், கணினி, புரொஜெக்டர் மூன்றுக்கும் யு.பி.எஸ். வையுங்கள். பல்பு வகைப் புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும்.

கேள்வி: பார்க்கப் போனபோது ஏ.சி. ஜில்லென்று இருந்தது. நிகழ்ச்சி நாளில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

பதில்: சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 300 பேர் என்றால் 30 கிலோவாட். அதை எடுக்க மட்டுமே எட்டரை டன் ஏ.சி. வேண்டும், விளக்கு, வெயில், திறந்து மூடும் கதவுக்கு அதற்கு மேல். மொத்தம் எத்தனை டன், ஜெனரேட்டரில் அது முழுதும் ஓடுமா என்று கேளுங்கள். ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். சுவர் சூடாக இருக்கும்போது கூட்டம் உள்ளே வந்துவிட்டால் பிறகு வெப்பத்தை விரட்டிப் பிடிக்க முடியாது.

கேள்வி: பக்கவாட்டுக் கதவு அழகைக் கெடுக்கிறது, துணி கட்டி மறைக்கிறோம் என்கிறார் அலங்காரக்காரர்.

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐம்பது பேருக்கு மேல் கூடும் இடத்தில் ஒன்றுக்கொன்று விலகி இரண்டு வழியாவது வேண்டும். 500 பேரைத் தாண்டினால் மூன்று. புகை வந்தால் மனிதர்கள் தாங்கள் வந்த வாசலை நோக்கியே ஓடுவார்கள். அடுத்த கதவு கண்ணுக்குத் தெரிந்தால்தான் பிரிவார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு நீங்களே ஒவ்வொரு கதவையும் தள்ளித் திறந்து பாருங்கள். பூட்டு திறந்திருக்கும், வெளியே நாற்காலி அடுக்கி வைத்திருப்பார்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வரும் பெரியவரை மேடையில் கௌரவிக்க வேண்டும். சாய்தளம் போட எவ்வளவு இடம்?

பதில்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். 2 அடி மேடைக்கு 24 அடி, அகலம் 3 அடி, மேலே திரும்ப 5 அடிச் சதுரம். இடமில்லையென்றால் செங்குத்தான பலகை போட்டு நாலு பேர் தூக்குவதைவிட, மற்றவர்கள் கீழே இறங்கி வந்து கௌரவிக்கட்டும். அவருக்கும் அதுதான் மரியாதை.

கேள்வி: திறந்தவெளி மைதானத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடமும் லாரிச் சக்கரம் புதையும் இடமும் அன்றைக்குத்தான் தெரியும். மாலை நிகழ்ச்சி என்றால் மேடையை மேற்கில் போடாதீர்கள், பார்ப்பவர்களுக்குக் கண் கூசும். கிழக்கில் போட்டால் பேசுபவருக்குக் கூசும். வடக்கோ தெற்கோ நல்லது. முளை இறங்காத தரையில் பந்தல் கால்களை எடை கட்டித்தான் நிறுத்த வேண்டும். 200 லிட்டர் டிரம் நிரம்பத் தண்ணீர் என்றால் 200 கிலோ. காலுக்கு எத்தனை, எந்தக் காற்றுவேகத்தில் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்ற இரண்டையும் பந்தல்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். ‘வெளியேறுங்கள்’ என்று அறிவிக்கப்போவது யார் என்பதையும் அன்றே முடிவு செய்து, அவர் கையில் ஒரு மைக் இருக்கும்படி பாருங்கள்.