லாஸ் வேகஸில் மூன்று நாள்: வாசகர் கேள்விகள்

போன இதழில் அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகஸ் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஹெண்டர்சனில், ஒன்பது வருடம் குடியிருந்தவள் நான். வந்த உறவுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றியதில் எது கால்வலி, எது மனசில் நிற்கும் என்று தெரிந்துகொண்டேன். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகன் லாஸ் ஏஞ்சலஸில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் அவனிடம் போகிறோம். வேகஸுக்கு மூன்று நாள் கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்கு 64 வயது, கணவருக்கு 70. சூதாட்டத்தில் எங்களுக்கு நாட்டமில்லை. அந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

அம்மா, இதே கேள்வியை என் மாமியாரும் கேட்டார். முதல் நாள் ராத்திரி பெல்லாஜியோ விடுதி முன்னால் இருக்கிற ஏரிக்கரையில் நின்று, நீரூற்று பாட்டுக்கு ஆடுவதைப் பார்த்தார். முடிந்ததும் கிளம்பலாம் என்றேன். "இரு, அடுத்ததையும் பார்த்துவிடலாம்" என்றார். அப்படியே மூன்று ஆட்டம் ஆயிற்று. 1998 முதல் நடக்கிற காட்சி அது, கட்டணம் கிடையாது. மாலையில் அரை மணிக்கு ஒன்று, இருட்டிய பிறகு கால் மணிக்கு ஒன்று. காற்று பலமாக அடித்தால் மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. அது ராத்திரிக்காகக் கட்டிய ஊர். பகல் வெளிச்சத்தில் அதே கட்டடங்கள் களைத்துப்போய் நிற்கும், தார்ச்சாலை கொதிக்கும், நடக்க நடக்க அலுப்பு தட்டும். அதனால் பகலில் ஊரை விட்டு வெளியே போய்விடுங்கள். சுற்றிலும் இருப்பது அற்புதமான பாலைவனம். சாயங்காலம் திரும்பி வந்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, விளக்கு போட்ட பிறகு ஊரைப் பாருங்கள். அக்டோபரில் பகல் வெயில் சராசரியாக 27 டிகிரி செல்சியஸ்தான். நல்ல மாதத்தைத்தான் உங்கள் மகன் பிடித்திருக்கிறார்.

அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்ப வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சுமார் 435 கிலோமீட்டர். நாலு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பாதி ஊரே அந்த ஒரே நெடுஞ்சாலையில் கிளம்பும். அதே கூட்டம் ஞாயிறு மதியம் எதிர்த்திசையில் திரும்பும். நீங்கள் ஞாயிறு காலையில் போய்ப் புதன்கிழமை திரும்புங்கள். சாலையும் காலி, அறை வாடகையும் பாதிக்குப் பாதி குறைந்திருக்கும்.

முதல் நாள் பெல்லாஜியோ போதும். உள்ளே நுழைந்ததும் கூரையைப் பாருங்கள். டேல் சிஹூலி என்ற கண்ணாடிக் கலைஞர் செய்த 2,000 கண்ணாடிப் பூக்கள் தொங்கும். அதைத் தாண்டினால் பருவத்துக்குப் பருவம் மாற்றி அலங்கரிக்கிற பூந்தோட்டக் கூடம். அதற்கும் கட்டணமில்லை. உட்கார இடம் குறைவு, அதனால் ஐயாவை முதலில் காபிக் கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒரு சுற்று போய் வாருங்கள்.

இரண்டாம் நாள் ஹூவர் அணை. இதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். தென்கிழக்கே 50 கிலோமீட்டர்தான். 221 மீட்டர் உயரம், 1931-ல் தொடங்கிய வேலை, 1935 செப்டம்பர் 30 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் வந்து அர்ப்பணித்தார். சிமென்ட் கான்கிரீட் இறுகும்போது சூடாகும் இல்லையா? அத்தனை பெரிய மொத்தை தானாக ஆற நூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். அதனால் கட்டிகளாகப் பிரித்து ஊற்றி, உள்ளே குழாய்களைப் பதித்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டு ஆற வைத்தார்கள். என் மாமனார் பொதுப்பணித் துறையில் இருந்தவர். அந்தக் குழாய்க் கதையைத் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

அணைக்குப் பின்னால் தண்ணீருக்குள் நிற்கிற கோபுரங்களில் கடிகாரங்களைக் கவனியுங்கள். அணை இருப்பது நெவாடா, அரிசோனா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில். அதனால் ஒரு பக்கம் நெவாடா நேரம், மறு பக்கம் அரிசோனா நேரம். அரிசோனாவில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. அதனால் நீங்கள் போகும் அக்டோபரில் இரண்டும் ஒரே நேரம் காட்டும். நவம்பர் முதல் ஞாயிறுக்கு அப்புறம் போனால் ஒரு மணி வித்தியாசம் இருக்கும். அணை தேக்கி வைத்திருக்கிற மீட் ஏரியைச் சுற்றிப் பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. வேகஸ் குடிப்பதில் சுமார் 90 சதவீதம் இங்கே தேங்குகிற கொலராடோ ஆற்றுத் தண்ணீர்தான். அந்தப் பட்டையைப் பார்த்த பிறகு விடுதி அறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்க எனக்குக் கை வந்ததில்லை.

அணையின் முழு உருவமும் தெரிய வேண்டுமென்றால் பக்கத்திலேயே 2010-ல் திறந்த பாலத்தின் நடைபாதையில் ஏற வேண்டும். காரில் பாலத்தைக் கடந்தால் பக்கச்சுவர் மறைத்துவிடும், ஒன்றும் தெரியாது. ஏற்றம் கொஞ்சம் உண்டு. முழங்கால் வலி இருந்தால் அணையின் மேலேயே நடந்துவிட்டுத் திரும்புங்கள். மதியச் சாப்பாட்டுக்கு போல்டர் சிட்டி. அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக உருவான ஊர் அது. 1931-ல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபோதும் இந்த ஊரில் அனுமதிக்கவில்லை, இன்றைக்கும் கிடையாது. மர நிழலும் பழைய கடைத்தெருவுமாக இருக்கும். உங்கள் இருவருக்கும் பிடிக்கும்.

மூன்றாம் நாள் காலை ரெட் ராக் கேன்யன். ஒருவழிச் சாலையில் 13 மைல் சுற்று. காரை விட்டு இறங்காமலே சிவப்புப் பாறைகளைப் பார்க்கலாம். அக்டோபர் முதல் மே வரை நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் காருக்கு அனுமதி. இதை மறந்து வாசலிலிருந்து திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி ஃப்ரீமான்ட் தெரு. 1905-ல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டபோது பிறந்த பழைய ஊர் அதுதான். தெருவுக்கு மேலே 400 மீட்டருக்கும் அதிக நீளத்தில் வளைந்த கூரை, அது முழுக்கப் படம் ஓடுகிற திரை. சத்தம் ரொம்ப அதிகம். ஒரு காட்சி பார்த்ததும் கிளம்பிவிடுங்கள்.

ஜூலையில் ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு போகிறோம். குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா? வெயில் எப்படி?

போகலாம், ஆனால் வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜூலையில் பகல் வெயில் சராசரியாகவே 40 டிகிரிக்கு மேல். 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி வந்தது, அந்த ஊரின் உச்சம் அதுதான். வறண்ட வெயில் என்பதால் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும், பிள்ளைகள் தாகம் என்று சொல்வதற்குள் சோர்ந்துவிடுவார்கள். அதனால் என் பாலைவன யோசனையை உங்களுக்குக் கொஞ்சம் மாற்றுகிறேன். வெளியே போவதாக இருந்தால் காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்புங்கள். மதியம் நீச்சல் குளம், தூக்கம். இருட்டிய பிறகு நீரூற்று, பிறகு ஹை ரோலர் ராட்டினம். 167 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி, பெட்டிக்குள் ஏசி இருக்கும். பெரியவர்களுக்கும் அது நல்ல ஓய்வு.

பெரும்பாலான விடுதிகளில் வாசலிலிருந்து லிஃப்டுக்குப் போக கேசினோ என்கிற சூதாட்டக் கூடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நடந்து போகலாம், சூதாட்ட இயந்திரங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது. சின்னவன் விளக்கைப் பார்த்து நின்றுவிட்டால் காவலாளி வந்து நகரச் சொல்வார். கோபித்துக்கொள்ளாதீர்கள், சட்டம் அப்படி. அதைவிட என் கவலை சிகரெட் புகை. கேசினோவுக்குள் புகைக்க அனுமதி உண்டு. பிள்ளைக்கு இழுப்பு இருந்தால், கேசினோவே இல்லாத வ்டாரா மாதிரியோ, புகைக்கு இடமில்லாத பார்க் எம்ஜிஎம் மாதிரியோ பார்த்து அறை எடுங்கள்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே குடிவருவதற்கு முன்னால் ஒரு முறை போனபோது, மகளின் பாலை வைக்க அறையில் இருந்த குட்டி ஃப்ரிட்ஜில் இடம் பண்ணினேன். அதற்குள் இருந்த பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். அடியில் சென்சார் இருக்கிறதாம். எடுத்தால் வாங்கியதாகக் கணக்கு. கிளம்பும் நாளில் பில்லைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. குடிக்கவில்லை என்று சொல்லிப் புரியவைத்து நீக்க அரை மணி ஆயிற்று, அதற்குள் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். பால், மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் வேண்டுமென்று அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் எரிமலை வெடிக்கிற காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று இருக்கும். அந்த மிராஜ் விடுதி 2024 ஜூலையில் மூடிவிட்டது. ஆசை காட்டி ஏமாற்றிவிடாதீர்கள்.

நாங்கள் நாலு நண்பர்கள், இரண்டு ராத்திரி தங்குகிறோம். ஒரே நாளில் கிராண்ட் கேன்யன் போய்த் திரும்ப முடியுமா?

தம்பி, எந்தக் கிராண்ட் கேன்யன் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரங்களில் வருகிற கண்ணாடி நடைபாதை 2007-ல் திறந்தது, மேற்குப் பகுதியில் இருக்கிறது. சுமார் 200 கிலோமீட்டர், போக இரண்டரை மணி நேரம். அது ஹுவாலாபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்கா இல்லை. பூங்கா அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது, தனிக் கட்டணம். படங்களில் பார்த்து நீங்கள் ஏங்குகிற அந்தப் பரந்த பள்ளத்தாக்கு தெற்கு விளிம்பு. 450 கிலோமீட்டர், போகவே நாலரை மணி. ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஒன்பது மணி நேரம் காரில், இரண்டு மணி நேரம் விளிம்பில். ராத்திரி திரும்பும்போது ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தயவுசெய்து வேண்டாம்.

இரண்டே ராத்திரி என்றால் வேலி ஆஃப் ஃபயர் போங்கள். வடகிழக்கே 80 கிலோமீட்டர்தான். டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லான இடம். இரும்புத் துரு ஏறிச் சிவந்து கிடக்கும். ஒரு பாறையில் படிக்கட்டு ஏறிப்போனால் பழங்குடி மக்கள் செதுக்கிய உருவங்கள் இருக்கும். சூரியன் இறங்கும் நேரத்தில் அங்கே நில்லுங்கள். தெற்கு விளிம்பைத் தனியாக ஒரு பயணத்துக்கு, ஒரு ராத்திரி அங்கேயே தங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரில் 25 வயது தாண்டியவர் பெயரில் கார் எடுங்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு மேல் தினமும் கூடுதல் கட்டணம் வைப்பார்கள்.

ஒரு விடுதியில் அறை 49 டாலர் என்று பார்த்தேன். நம்பலாமா?

49 உண்மைதான், அதோடு நிற்காது என்பதும் உண்மை. ரிசார்ட் ஃபீ என்ற கட்டாயக் கட்டணம் ஒரு ராத்திரிக்கு 40, 50 டாலர், சில இடங்களில் அதற்கு மேலும் சேரும். இரண்டின் மேலும் சுமார் 13 சதவீதம் வரி. பல இடங்களில் கார் நிறுத்தவும் பணம். 2025 மே முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி வந்திருக்கிறது, இருந்தாலும் கடைசிப் பக்கத்துத் தொகையைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஜனவரி முதல் வாரங்களில் மின்னணுக் கண்காட்சி, நவம்பரில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம். அந்த நாட்களில் இதே அறை பல மடங்கு ஏறும். பந்தயம் விடுதிகள் வரிசையாக நிற்கிற பிரதான சாலையிலேயே ஓடுவதால் நடக்கவும் வழி இருக்காது.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா? ஒரே ஒரு காட்சிக்குத்தான் டிக்கெட் வாங்க முடியும், எதற்கு வாங்குவது?

ஊருக்குள் மட்டும் என்றால் கார் வேண்டாம். ஸ்ட்ரிப் என்கிற அந்தப் பிரதான சாலையில் டியூஸ் என்ற மாடி பஸ் இரவு பகலாக ஓடுகிறது, ஃப்ரீமான்ட் தெரு வரைக்கும் போகும். மோனோரயில் விடுதிகளின் பின்பக்கம் ஓடுகிறது, விமான நிலையத்துக்குப் போகாது. நடப்பதற்கு முன் யோசியுங்கள். கட்டடங்கள் பிரமாண்டமாக இருப்பதால் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும். "இதோ, எதிர்லதானே" என்று கிளம்பிய என் அண்ணன் போய்ச் சேர 40 நிமிடம் ஆயிற்று. சாலை மேல் நடைபாலங்களில் நின்று படம் எடுக்காதீர்கள், 2024 முதல் அங்கே நிற்கவே தடை.

டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால், ஸ்ஃபியர் என்ற அந்த உருண்டைக் கட்டடம் வெளியே ஒளிர்வதைத் தெருவிலிருந்தே இலவசமாகப் பார்த்துவிடலாம். 112 மீட்டர் உயரம், தப்பவே தப்பாது. காசு கொடுத்துப் பார்ப்பதென்றால் நான் மனிதர்களைத்தான் பார்ப்பேன். பெல்லாஜியோவில் சர்க் டு சொலேய் என்ற சர்க்கஸ் குழு 1998 முதல் நடத்துகிற நீர்மேடைக் காட்சிக்கு வாங்குங்கள். சற்றுமுன் ஒருவர் நடந்துபோன தரை, அடுத்த நொடி ஆழமான குளமாகி இன்னொருவர் மேலேயிருந்து அதில் பாய்வார். ஐந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. விலை அதிகம்தான். வாரநாளில், ஓரத்து இருக்கையாகப் பார்த்தால் குறையும், அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.