யார் தண்டவாளத்துக்கு யார் பணம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தில்லி–மீரட் வட்டார விரைவு ரயில் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 82 கிலோமீட்டர் தடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மட்டுமே தில்லி எல்லைக்குள் வருகிறது. மீதமெல்லாம் உத்தரப் பிரதேசம். அப்படியிருக்க, 2023இல் நிதி இல்லை என்று சொன்ன அன்றைய ஆம் ஆத்மி கட்சியின் தில்லி அரசை, விளம்பரச் செலவுக் கணக்கைக் கேட்டு உச்ச நீதிமன்றம் பணம் கொடுக்க வைத்தது முறையா? தமிழ்நாட்டிலும் இத்தகைய தடங்கள் பேசப்படுவதால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தண்டவாளம் எவர் மண்ணில் கிடக்கிறது என்பதை வைத்துப் பங்கு பிரிப்பது பார்வைக்கு நியாயமாகத் தெரிந்தாலும், அத்தடத்தின் நோக்கத்தை அது கணக்கில் கொள்வதில்லை. மீரட்டிலும் காஜியாபாத்திலும் குடியிருந்து தில்லிக்கு வேலைக்கு வருபவர்களுக்கான ரயில் அது. அவர்களின் உழைப்பு தில்லிக்கு வருகிறது. அவர்கள் சாலையில் விடாத வாகனங்களின் புகை தில்லிக்கு வராமல் போகிறது. மீரட், பானிபட், ஆல்வார் ஆகிய மூன்று தடங்களும் கூடும்படி திட்டமிடப்பட்ட சராய் காலே கான் நிலையமும் தில்லியில்தான் இருக்கிறது. தில்லிக்குள் நுழையும் சரக்கு வாகனங்களிடம் 2015 முதல் வசூலிக்கப்படும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணத்திலிருந்து இத்திட்டத்துக்குப் பணம் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் முன்பே கூறியதும் இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் மீரட் பயணிக்குத் தில்லியில் வாக்கு இல்லை. 2023 அக்டோபர் 20 அன்று பிரதமர் தொடங்கிவைத்த சாகிபாபாத்–துஹாய் பகுதி, 17 கிலோமீட்டரும் உத்தரப் பிரதேசத்துக்குள் இருந்தது. ரயிலுக்கு 'நமோ பாரத்' என்று பெயர். அப்படிப் பெயரிட்டுவிட்டுப் பங்குத்தொகை கேட்டு வருபவரை எந்த எதிர்க்கட்சி அரசும் மலர்ந்த முகத்தோடு வரவேற்காது. திட்டத்தை நடத்தும் கழகத்தின் பங்கு மூலதனத்தில் ஒன்றிய அரசுக்குப் பாதியும், தில்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய நான்குக்கும் தலா 12.5 சதவீதமும் இருக்கின்றன. பங்கைச் சமமாகப் பிரித்தாயிற்று. திறப்பு விழாவில் கிடைக்கும் பெருமையை அப்படிப் பிரிக்க வழியில்லை. 30,274 கோடி ரூபாய் மதிப்பிட்ட மீரட் தடத்தோடு ஒப்பிட்டால் தகராறுக்குள்ளான 415 கோடி சிறியது. ஆகவே இதை வெறும் பணத்தட்டுப்பாடாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

இனி நீதிமன்றம். 2023 ஜூலையில் அது மூன்றாண்டு விளம்பரச் செலவைக் கேட்டது. ஏறத்தாழ 1,100 கோடி என்று தெரிந்ததும், அதற்குப் பணம் இருந்தால் இதற்கும் இருக்கும் என்று கூறி, 415 கோடியை இரண்டு மாதத்துக்குள் செலுத்தச் சொன்னது. அரசும் ஒப்புக்கொண்டது, ஆனால் செலுத்தவில்லை. நவம்பர் 21 அன்று, விளம்பர ஒதுக்கீட்டையே திட்டத்துக்கு மாற்றும்படி ஆணையிட்டு, அதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. அந்த வாரத்துக்குள் 415 கோடிக்கு ஒப்புதல் பிறந்துவிட்டது!

முடிவு சரியானது என்பது என் எண்ணம். நீதிமன்றத்தில் கொடுத்த உறுதியை ஓர் அரசு மீறும்போது, அதைக் கேட்கும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு. அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. விளம்பரத்தை இழுத்ததுதான் எனக்கு உவப்பாக இல்லை. அரசு விளம்பரங்களுக்காக வருந்த நான் ஆளில்லை. என்றாலும், ஒரு செலவினத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு இது வீண், அது தேவை என்று நீதிபதிகள் சொல்லத் தொடங்கினால், அடுத்த வழக்கில் மகளிரின் இலவசப் பேருந்துப் பயணமும் அதே தராசில் வைக்கப்படலாம்.

தமிழ்நாட்டில் 2025இல் பேசப்பட்ட சென்னை–திண்டிவனம்–விழுப்புரம் (167 கிலோமீட்டர்), சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் (140), கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் (185) ஆகிய மூன்றும் மாநிலத்துக்குள்ளேயே முடிவதால் அண்டை மாநிலச் சண்டை இங்கு எழாது. ஒன்றிய அரசின் பங்கு என்னும் கேள்வி மட்டும் எழும். 63,246 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்ட சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சரே அடிக்கல் நாட்டினார்; ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மாநிலமே கடனும் செலவும் சுமந்து பணியை நடத்தியது. இந்தப் புதிய தடங்களுக்கு விரிவான திட்ட அறிக்கை வரும்போது, எந்த ஆண்டில் யார் எவ்வளவு செலுத்த வேண்டும், தவணை தவறினால் வட்டியும் தாமதச் செலவும் யார் தலையில் விழும் என்பவை கையெழுத்தோடு அதில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.