தவணை மாறவில்லை, கடனும் முடியவில்லை

கேள்வி: பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் பிளான்ட் ரூமில் (இயந்திர அறையில்) நான்கு ஆண்டுகளாக உதவியாளராக ஷிப்டில் வேலை பார்க்கிறேன். வயது 27, இன்னும் திருமணம் ஆகவில்லை. சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்), பம்ப், கூலிங் டவர் (நீரைக் குளிர்விக்கும் கோபுரம்), பாய்லர் எல்லாம் கைக்குப் பழகிவிட்டாலும் சான்றிதழ் எதுவும் இல்லாததால் உதவியாளராகவே இருக்கிறேன். இப்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் நான்கு ஆண்டுப் பயிற்சிப் பணி. வேலையோடு வகுப்பும் உண்டு, ஆனால் முதல் ஆண்டுச் சம்பளம் இப்போது வாங்குவதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மற்றொன்று, கட்டட இயந்திரங்களைத் திரையில் கண்காணிக்கும் 'ஸ்மார்ட் பில்டிங்' மென்பொருளில் ஒன்பது மாத முழுநேர டிப்ளமா. அதற்கு வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். தாய்மாமன் தொழிலுக்காக என் பெயரில் எடுத்த தனிநபர் கடன் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மறுபடியும் டாப்-அப் (ஓடும் கடனின் மேல் கூடுதல் கடன்) எடுத்துத் தரும்படி மாமா கேட்கிறார். நான் எந்தப் பயிற்சியில் சேருவது? உறவினர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: தொகைகளை வெளியிடவில்லை. உங்களுடைய இப்போதைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த அளவிலேயே சொல்கிறேன்.

எந்தப் பயிற்சி என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பார்த்தபின் எனக்குக் கவலை தருவது பயிற்சி அல்ல. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் அந்த டாப்-அப்தான். 34 மாதங்களுக்கு முன் 600 கடன் வாங்கியிருக்கிறீர்கள். 36 தவணை, ஆண்டு வட்டி 16 சதவீதம், மாதத் தவணை சுமார் 21. பதினான்கு தவணை கட்டி, நிலுவை 400க்கு இறங்கியபோது, 'நீங்கள் கூடுதல் கடனுக்குத் தகுதி பெற்றுள்ளீர்கள்' என்ற குறுஞ்செய்தி வந்தது, மாமா கேட்டார், நிலுவையை மீண்டும் 600 ஆக்கி, செயலாக்கக் கட்டணம் 12 போக மீதி 188ஐ அவரிடம் கொடுத்தீர்கள். இன்னொரு பதினான்கு மாதம் கழித்து இதையே திரும்பவும் செய்தீர்கள். ஒவ்வொரு முறையும் தவணை அதே 21 என்பதால், மாதச் செலவில் எதுவும் கூடவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் கண்ணை மறைத்தது இந்த மாறாத தவணைதான்.

இதுவரை நீங்கள் கட்டியது 34 தவணை, ஏறத்தாழ 714. இன்றைய நிலுவை 520. முதல் கடனைத் தொடாமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டே தவணையில் அது முடிந்திருக்கும். இப்போது முப்பது தவணை பாக்கி நிற்கிறது. மூன்று முறையும் கட்டணம் 12 போக, மாமா கைக்குப் போனது சுமார் 964, அவர் திருப்பித் தந்தது 250. இப்போது அவர் கேட்கிற மூன்றாவது டாப்-அப்பையும் பாருங்கள்: நிலுவை 520ஐ மறுபடி 600 ஆக்கினால், கட்டணம் போக அவர் கைக்கு 68 வரும். அதற்காக உங்கள் தவணை முப்பதிலிருந்து முப்பத்தாறாகும். ஆறு தவணை, 126. அவருக்கு 68 கொடுக்க நீங்கள் 126 கட்டப்போகிறீர்கள்.

மாமா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தந்தை இல்லாத காலத்தில் உங்களைப் படிக்க வைத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய தொழிலுக்கு வேண்டிய நடைமுறை மூலதனத்தை உங்கள் சம்பளச் சீட்டின் பேரில் திரட்டுவது அவருக்கும் உதவவில்லை. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை பணம் தேவைப்பட்ட தொழிலுக்கு, நான்காவது முறையும் தேவைப்படும்.

இனி உங்கள் வரவு செலவு. வீட்டுச் செலவு 56, அம்மாவுக்கு 8, முதலீட்டோடு சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்துக்கு 5, கடன் தவணை 21. ஆக 90 போய், கையில் நிற்பது 10. பயிற்சிப் பணியில் முதல் ஆண்டுச் சம்பளம் 80 என்றால் மாதம் 10 துண்டு விழும். அதனால்தான் சம்பளம் குறையும் வழியைத் தள்ளிவிட்டு டிப்ளமாவின் பக்கம் சாய்கிறீர்கள். உங்களைப் பயிற்சியிலிருந்து தடுப்பது சம்பளக் குறைவு என்று நினைக்கிறீர்கள். அந்த 21 இல்லாவிட்டால் 80 சம்பளத்திலும் உங்களுக்கு மிச்சம் இருந்திருக்கும்.

டிப்ளமாவைப் பற்றி எனக்குத் தயக்கம் அதிகம். கட்டணம் 400, பன்னிரண்டு தவணை, வட்டியில்லை என்கிறார்கள். ஆனால் மொத்தமாகக் கட்டினால் 340 போதும் என்று அதே துண்டறிக்கையில் இருக்கிறது. அந்த 60தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைவதைக் கணக்கில் கொண்டால் அது ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டும். வேலையை விட வேண்டும் என்பதால் ஒன்பது மாதச் சம்பளமான 900ம் போகும். மாமாவின் கடன் தவணையோ நிற்காது. இத்தனை கொடுத்துக் கற்பது திரையில் பார்க்கும் வேலையை. சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதியான கண்டென்சரில் அழுத்தம் கூடிவிட்டது என்று திரை சொல்லும். கூலிங் டவர் விசிறியின் பெல்ட் நழுவியதா, கண்டென்சர் குழாய்களில் உப்புப் படிந்ததா, குளிர்பொருளோடு (சில்லருக்குள் ஓடும் குளிரூட்டும் வாயுவோடு) காற்று கலந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒருவர் இறங்கிப் போக வேண்டும். நீங்கள் ஏற்கெனவே அந்த ஒருவர். இரவு இரண்டு மணிக்கு சில்லர் ட்ரிப் ஆனபோது, மூத்தவர் வருவதற்குள் பம்புக்கு முன்னுள்ள ஸ்ட்ரெய்னரை (வடிகட்டியை) திறந்து, அடைத்திருந்த துருவையும் சகதியையும் எடுத்துவிட்டு நீரோட்டத்தைச் சரிசெய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த அறிவுக்குத்தான் சான்று தேவை. மென்பொருளைப் பிறகு கற்கலாம். பெரும்பாலும் கருவி விற்கும் நிறுவனமே தன் வாடிக்கையாளரின் பணியாளர்களுக்குக் கற்றுத் தரும்.

பாய்லர் இயக்கவும் குளிர்பொருளைக் கையாளவும் பல நாடுகளில் உரிமமோ சான்றிதழோ வேண்டும். பாய்லர் உரிமத்துக்குப் பல இடங்களில் மேற்பார்வையில் வேலை செய்த காலமும் கணக்கில் வரும். ஒன்பது மாத வகுப்பறை அதைத் தராது. மருத்துவமனை இந்தத் தொழிலுக்கு நல்ல பள்ளிக்கூடம்: கிருமிநீக்கத்துக்கு நீராவி, அறுவை அரங்குக்குக் காற்றழுத்தக் கட்டுப்பாடு, நிற்கவே கூடாத குளிரூட்டல் என அத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். தண்ணீர்ப் பராமரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதையும் அங்கே கற்பீர்கள். 1976இல் பிலடெல்ஃபியாவின் விடுதி ஒன்றில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவிலிருந்துதான் நீரில் வளரும் லீஜியோனெல்லா என்ற கிருமியே அடையாளம் காணப்பட்டது. இன்று கூலிங் டவர் பராமரிப்பவர்கள் அதை நினைவில் வைத்தே வேலை செய்கிறார்கள். குளிர்பொருள்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. 1987இன் மான்ட்ரியல் சர்வதேச உடன்படிக்கையும் அதற்கான 2016 கிகாலி திருத்தமும் பழையவற்றைப் படிப்படியாக விலக்குகின்றன அல்லது குறைக்கின்றன. அவற்றின் இடத்துக்கு வருபவற்றில் ஆர்-32 போன்ற சில இலேசாகத் தீப்பற்றக்கூடியவை. முறையாகப் பயின்ற கைகளுக்கு நெடுநாள் வேலை இருக்கும் என்பதால்தான் நான்கு ஆண்டு என்பது எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

துண்டு விழும் 10ஐ எப்படி அடைப்பது? பயிற்சி தொடங்க ஐந்து மாதம் இருக்கிறது. முதலீட்டோடு சேர்ந்த காப்பீட்டில் கட்டுவது உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது. அம்மாவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதால் வெறும் ஆயுள் காப்பீடு மட்டும் எடுத்தால் அந்த 5இல் 1 போதும் என்று வைத்துக்கொள்கிறேன். புதிய பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதை நிறுத்துங்கள். எத்தனை ஆண்டு கட்டியபின் நிறுத்தினால் பிடித்தம் இல்லை என்பதை அதன் ஒப்பந்தத்தில் முதலில் படியுங்கள். பிடித்தம் பெரிதாக இருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். நிறுத்த முடிந்தால் துண்டு 6 ஆகும், ஆண்டுக்கு 72. இந்த ஐந்து மாதமும் கையில் நிற்கும் 10ஐயும், காப்பீட்டில் மிஞ்சும் 4ஐயும் தனிக் கணக்கில் போட்டால் 70 சேரும். குறைகிற 2க்கு ஓரிரு நாள் ஓவர்டைம் போதும். இரண்டாம் ஆண்டுச் சம்பளம் 90 என்று கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது 86 செலவு போக 4 மிஞ்சும். மூன்றாம் ஆண்டின் முதல் மாதத்தோடு கடைசித் தவணை முடியும். இந்தக் கணக்கில் மாமா தர வேண்டிய ஒரு காசையும் நான் சேர்க்கவில்லை. அவர் தருவது எதுவாக இருந்தாலும், கடன் ஒப்பந்தத்தில் முன்கூட்டிச் செலுத்தக் கட்டணம் உண்டா என்று பார்த்துவிட்டு, நேராக அசலில் கட்டுங்கள்.

மாமாவிடம் தொலைபேசியில் பேச வேண்டாம். நேரில் போய், அத்தையும் உடன் இருக்கும்போது சொல்லுங்கள்: "மாமா, நான் பயிற்சியில் சேரப்போகிறேன், சம்பளம் குறையப்போகிறது. என் பேரில் இனிமேல் கடன் எடுக்க முடியாது. இருக்கிற தவணையில் மாதம் பாதியையாவது நீங்கள் என் கணக்கில் போட்டுவிடுங்கள்." இது சாக்கு அல்ல, உண்மை, அதனால் சொல்லும்போது தயங்கத் தேவையில்லை. அவர் கோபித்துக்கொண்டால் சில வாரம் பேச்சு குறையலாம். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், மூன்றாவது டாப்-அப்புக்குக் கையொப்பம் மட்டும் வேண்டாம். கடன் நிறுவனத்திடம் டாப்-அப் சலுகைச் செய்திகள் இனி அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்போதைய வேலையை விட்டு விலகும் முன் ஒன்றைச் செய்யுங்கள். நான்கு ஆண்டு லாக் புக்கில் உங்கள் கையெழுத்து இருக்கும் பக்கங்களைக் காட்டி, எந்த இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று தலைமைப் பொறியாளரிடம் கையொப்பமும் முத்திரையும் கூடிய சான்றாக வாங்குங்கள். அந்த மணி நேரத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக் காலத்தில் கழித்துக்கொள்வார்களா என்று மருத்துவமனையில் சேருவதற்கு முன்பே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக்கொண்டாலும் 90 சம்பளம் அத்தனை மாதம் முன்னதாகவே வந்துவிடும்.