பகுத்தறிவையே பழிக்கிறார்களா ஃபிராங்க்ஃபர்ட் அறிஞர்கள்?

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட் சிந்தனையாளர்களான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் எழுதிய ‘அறிவொளியின் இயங்கியல்’ நூலை ஆங்கிலத்தில் தொடங்கினேன். முதல் அத்தியாயத்திலேயே மூச்சு முட்டிவிட்டது. பகுத்தறிவே தீங்கு என்கிறார்களா? நவீன சமூகத்தின் நெருக்கடிகளைப் புரிந்துகொள்ள எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: அந்த அத்தியாயத்தில் சிக்காதவர்கள் குறைவு. கான்ட், ஹெகல், வெபர் என்று ஜெர்மன் சிந்தனையாளர்கள் எல்லாரையும் கரைத்துக் குடித்தவருக்கென்று எழுதியது போல இருக்கும். முன்னுரையிலிருந்து தொடங்குங்கள். அறிவொளிச் சிந்தனை (மூடநம்பிக்கையை விட்டுப் பகுத்தறிவை நம்பிய ஐரோப்பியச் சிந்தனை) இல்லாமல் சமூகத்தில் சுதந்திரம் இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அவர்களது குறை வேறு: ‘எப்படிச் செய்வது’ என்ற கணக்கிலேயே அறிவு முடங்கி, ‘எதற்காக’ என்று கேட்பதை விட்டுவிட்டது. 1933-இல் நாஜிகள் அவர்களது ஃபிராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனத்தை மூடிய பிறகு, அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர்கள் எழுதிய நூல் இது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, முதல் அத்தியாயத்தின் பிற்பகுதியில் வரும் சைரன்கள் பகுதியை மட்டும் படியுங்கள். சைரன்கள் என்பவை கிரேக்கக் காவியமான ஒடிசியில் பாடி மயக்கிக் கடலோடிகளைச் சாகடிப்பவை. படகோட்டிகளின் காதில் மெழுகு. துடுப்புப் போட வேண்டியவர்கள் பாட்டைக் கேட்கக் கூடாது. தலைவன் ஒடிசியஸ் கேட்கலாம், ஆனால் பாய்மரத்தோடு கட்டுண்டு கிடக்கிறான். உழைப்பவனுக்கு அழகு மறுக்கப்படுகிறது. ஆள்பவனுக்கு அது வெறும் கச்சேரியாகிவிடுகிறது. நூலின் வாதம் பெரும்பாலும் இந்தப் படகுக்குள்ளேயே இருக்கிறது.

பிறகு பண்பாட்டுத் தொழில், அதாவது கலையும் கேளிக்கையும் ஆலைச் சரக்குபோல உற்பத்தியாவது, பற்றிய அத்தியாயம். அதன் இலக்கு நாற்பதுகளின் ஹாலிவுட்டும் வானொலியும்தான். வரிக்கு வரி செல்பேசிக்குப் பொருத்தினால் வாதம் நழுவிவிடும். (ஜாஸ் இசையை அடோர்னோ மட்டம் தட்டுவதை நம்ப வேண்டிய கட்டாயமில்லை.)

நெருக்கடிகளுக்கு, இவர்களுக்கு அடுத்த தலைமுறை ஃபிராங்க்ஃபர்ட் சிந்தனையாளரான ஹாபர்மாஸ்தான் சரியான ஆள். ஜெர்மனில் 1973-இல் வந்த ‘லெஜிட்டிமேஷன் கிரைசிஸ்’ (அரசின் மீதான ஏற்பு குலையும் நெருக்கடி) சிறிய நூல். இரண்டாம் பகுதியை முதலில் படியுங்கள். பொருளாதாரம், நிர்வாகத்தின் பகுத்தறிவு, அரசின் மீதான ஏற்பு, மக்களின் ஊக்கம் என நான்கு நெருக்கடிகளைப் பிரிக்கிறார். ஒன்றை அடைத்தால் அது இன்னொன்றில் கிளம்பும் என்பதுதான் விஷயம். சந்தை சரிந்தால் அரசு கைகொடுக்கிறது. நிறுவனங்களையும் காக்க வேண்டும், குடிமக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நிர்வாகம் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறது. முன்பு சந்தையை நொந்தவர் இப்போது அமைச்சரைக் கேட்கிறார், ஏனென்றால் விலையே அரசின் முடிவாகத் தெரிகிறது. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, இன்றைய செய்தி ஒன்றை எடுத்து, அது எந்தக் கட்டத்திலிருந்து எதற்கு நகர்கிறது என்று அம்பு போட்டுப் பாருங்கள். எல்லாச் செய்தியும் ‘பொருளாதாரம்’ கட்டத்திலேயே நின்றுவிட்டால், அந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

1981-இல் வந்த அவரது இரு தொகுதிப் பெருநூலான ‘தொடர்பாடல் செயலின் கோட்பாடு’க்கு இப்போது அவசரமில்லை.