அப்பாவின் ரெக்கார்டுகளுக்கு பிளேயர் வாங்கலாமா?

கேள்வி: அப்பா விட்டுப்போன அறுபது, எழுபது ரெக்கார்டுகள் பரணில் கிடக்கின்றன. பெரிய எல்பி, சின்ன ஈபி, கொஞ்சம் கனமான பழைய தட்டுகளும் உண்டு. பெரும்பாலும் எம்.எஸ்.வி., இளையராஜா பாடல்கள். ஒரு பிளேயர் வாங்கி, மாதம் ஒன்றிரண்டு புது ரெக்கார்டும் சேர்க்க ஆசை. விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஸ்ட்ரீமிங் சந்தா கட்டிவிட்டு இது எதற்கு என்கிறார் மனைவி. நல்ல முதலீடு என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்? (மதுரை வாசகர்)

பதில்: பிளேயரை வாங்குங்கள். மாதம் ஒன்றிரண்டு என்ற திட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால், அந்த ரெக்கார்டுகளைப் பரணிலிருந்து இறக்குங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் சித்திரை வெயில் ஏறினால், எல்பி, ஈபி செய்யும் வைனல் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நெளிந்த தட்டை நேராக்குவது பெரும்பாடு. ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள்.

இப்போது கணக்கு. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அது கூடிவிட்டது, மாதம் 200 என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 2,400 ரூபாய்தான். வெளிநாட்டில் அச்சான ஒரு புது எல்பி கைக்கு வந்து சேரும்போது 2,500 முதல் 4,000 ரூபாய் வரை ஆகிறது. அதில் பக்கத்துக்கு இருபது நிமிடச் சொச்சம் பாட்டு. மாதம் ஒன்று வாங்கினாலே ஆண்டுக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் வாக்கில் போய்விடும். பணத்தை மட்டும் பார்த்தால் உங்கள் மனைவி சொல்வதே சரி.

விலை ஏன் இப்படி ஏறியது? சிடி வந்ததும் ரெக்கார்டு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போயின. பிறகு ஆசை திரும்பி வந்தது, இயந்திரங்கள் வரவில்லை. அமெரிக்காவில் 2022இல் சுமார் 4.1 கோடி வைனல் ஆல்பங்கள் விற்றன. 1987க்குப் பிறகு முதல் முறையாக எண்ணிக்கையில் சிடியை முந்தின. இதற்கிடையே 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. ரெக்கார்டு அச்சிட முதலில் பாட்டை வெட்டும் லேக்கர் தட்டைச் செய்ய உலகத்தில் இருந்ததே இரண்டு பெரிய ஆலைகள்; இதுபோக மற்றது ஜப்பானில். அடுத்த மாதமே கொரோனா. ஆலைகளில் ஆர்டர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தன. அப்போது ஏறிய விலை பிறகு இறங்கவே இல்லை.

தமிழ் ரெக்கார்டுகளின் கதை வேறு. எச்எம்வி, இன்ரெகோ, எக்கோ என்று அன்று வந்த தட்டுகளில் பெரும்பாலானவை மறுபடி அச்சாகவில்லை. இருப்பதுதான் கைமாறுகிறது. இதில் வெளிநாட்டுக்காரர்களும் போட்டிக்கு வருகிறார்கள். பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்க இசைக்குழு 2003இல் தங்கள் ஆல்பம் ஒன்றில் இளையராஜா பாட்டின் ஒரு துண்டை எடுத்தாண்டது. அந்த மாதிரி ஒலித்துண்டு தேடுகிறவர்களுக்கு 80களின் தமிழ் எல்பி ஒரு வேட்டைக்காடு. அதை உங்கள் அப்பா சம்பளக் காசில் வாங்கி வைத்திருக்கிறார். நீங்கள் செலவு செய்ய வேண்டியது அதைக் கேட்பதற்கு.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. உரிமைத் தகராறு காரணமாக சரிகம நிறுவனத்தின் பாடல்கள் 2019இல் ஸ்பாட்டிஃபையிலிருந்து இறக்கப்பட்டன. 2020இல் ஒப்பந்தம் போட்ட பிறகே திரும்பின. எச்எம்வி பாடல்கள் எல்லாம் அவர்களிடம்தான் என்பதால், ஒரு வருஷம் பழைய தமிழ்ப் பாட்டில் பெரும்பகுதி அங்கே இல்லை. 2024இல் விங்க் என்ற பாட்டுச் செயலியே மூடப்பட்டது. ஆகவே உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள்: அப்பாவின் தொகுப்பில் எவை ஸ்ட்ரீமிங்கில் இல்லை? கதை வசன ரெக்கார்டு, தனி பக்திப் பாடல், ஓடாத படத்தின் ஈபி, இவற்றில்தான் அப்படிப்பட்டவை சிக்கும். இனிமேல் வாங்குவதும் அந்த வகையில் இருக்கட்டும். எங்கும் கிடைக்கும் ஹிட் பாடல்களின் மறுபதிப்புக்கு 3,500 ரூபாய் கொடுக்க நான் சொல்லமாட்டேன். மறுபதிப்புகள் பலவும் டிஜிட்டல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன. டிஜிட்டல் கலக்காத அனலாக் தட்டுகளுக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டியே தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்ததை 2022இல் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

பிளேயருக்கு வருவோம். சூட்கேஸ் மாதிரி, ஸ்பீக்கரும் உள்ளேயே வைத்து, மலிவாக விற்கிறார்களே, அது வேண்டாம். அவற்றில் பல, ஊசியை ஐந்து கிராமுக்கு மேல் அழுத்துகின்றன. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) இரண்டிலிருந்து மூன்றரை கிராமில் வேலையை முடித்துவிடும். தேய்வது உங்கள் அப்பாவின் ரெக்கார்டு, ஞாபகம் இருக்கட்டும். பதினைந்தாயிரம் ரூபாய் வாக்கில் தொடங்கும் சாதாரண டர்ன்டேபிள் போதும். ஊசி தரும் மெல்லிய ஒலியை முதலில் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இருந்தால் வீட்டிலுள்ள எந்த ஆம்ப்ளிஃபயரிலும் செருகலாம். சென்னை வந்தால் ரிச்சி தெருவில் பழைய ஆம்ப்ளிஃபயரும் பார்க்கலாம். ஊசிக்கும் ஆயுள் உண்டு: வகையைப் பொறுத்து 300 முதல் 500 மணி நேரம். தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தைச் செதுக்கிவிடும். கையில் காசு மிஞ்சினால் முதலில் மாற்று ஊசி, அப்புறம் ரெக்கார்டு.

அந்தக் கனமான தட்டுகளைத் தனியே எடுத்துவையுங்கள். லேபிளில் 78 என்றிருந்தால் அவை பெரும்பாலும் அரக்கில் செய்தவை. கீழே விழுந்தால் உடைந்துவிடும். எல்பி ஊசி அவற்றின் அகலமான பள்ளத்துக்குப் பொருந்தாது. தனி ஊசி வேண்டும், பிளேயரில் 78 வேகமும் வேண்டும். முக்கியமாக, துடைக்கும்போது ஆல்கஹால் கலந்த எதையும் தொடவிடாதீர்கள். வைனலுக்கு அது கொஞ்சம் கலந்தால் பரவாயில்லை, அரக்கையோ கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும். லேபிளை நனைக்காதீர்கள்.

பழையது வாங்கப் போனால், தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மெல்லிய கோடுகள் சும்மா. விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று கேட்கும். விற்பவர் ‘குட்’ என்று தரம் போட்டிருந்தால் நம்பி வாங்காதீர்கள். சேகரிப்பாளர்களின் தர வரிசையில் அது கடைசிக்குக் கொஞ்சம் மேலே. ‘விஜி பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) என்றால் நிம்மதியாகக் கேட்கலாம்.

முதலீடா? வேண்டாம். அபூர்வமான சில தட்டுகளுக்குத்தான் பெரிய விலை. மற்றவற்றை விற்கப் போனால் வியாபாரி கொத்தாக ஒரு விலை பேசுவார். அந்தச் சிலவற்றுக்கும் உறை கிழிந்திருந்தாலோ, பூஞ்சை பிடித்திருந்தாலோ விலை பாதியாகிவிடும்.