பார்சல் கிடங்கில் லோடுமேன்கள் வண்டி மாற்றி ஏற்றுவதை எப்படிக் குறைப்பது?

கேள்வி: ராமநாதபுரத்தில் சின்ன பார்சல் கிடங்கு நடத்துகிறேன். காலையில் ஆறு வண்டி கிளம்புகிறது. தினமும் நாலைந்து பார்சல் வண்டி மாறிப் போய்விடுகிறது. லோடுமேன்களைத் திட்டியும் பார்த்தாச்சு, சம்பளத்தில் பிடித்தும் பார்த்தாச்சு. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக, சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்துங்கள். காசு போகும் என்றால் தப்பு குறையாது, ஒளிந்துகொள்ளும். கடைசி நேரத்தில் கையில் மிஞ்சிய பெட்டியை ஏதோ ஒரு வண்டியில் திணித்துவிட்டு, ஸ்கேனை மட்டும் சரியான வண்டிக்கு அடித்துவிடுவார்கள். கணக்கு சுத்தமாக இருக்கும், பார்சல்தான் இருக்காது.

அதற்குப் பதில் ஒரு நோட்டு போடுங்கள். எந்த வண்டிக்குப் போகவேண்டியது, எந்த வண்டியில் கிடைத்தது, எத்தனை மணிக்கு ஏற்றியது, பெட்டியா கவரா: இந்த நாலு கட்டம் போதும். ஆள் பெயர் வேண்டாம். இரண்டு வாரம் எழுதினால், தப்பு எல்லா வண்டியிலும் பரவலாக நடக்கவில்லை, ஒன்றிரண்டு ஜோடிக்குள்ளேயே திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உங்கள் பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது கீழக்கரையையும் மண்டபத்தையும். கீழக்கரையின் பின்கோடு 623517, மண்டபத்தின் பின்கோடு 623518. ஊர் ஒன்று தெற்கே, ஒன்று கிழக்கே. பிரிக்கிறவர் அவசரத்தில் கடைசி இரண்டு எண்ணை மட்டும் கூவுவார். தகரக் கூரைக்கு அடியில், பெட்டி உருளும் சத்தத்தில், பதினேழுக்கும் பதினெட்டுக்கும் ‘பதினெ’ வரைதான் காதில் விழும். மீதியைக் கேட்பவரின் கையே முடிவு செய்துகொள்ளும். அதனால் எண்ணைக் கூவ விடாதீர்கள், ஊரைக் கூவச் சொல்லுங்கள். இந்த இரண்டு ஊருக்கும் போகும் வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். நடுவில் தொண்டி வண்டியை விடுங்கள். தெரு பெயரை நம்பிப் பிரிப்பதும் ஆகாது. வடக்குத் தெரு இல்லாத ஊர் எது?

மார்க்கரில் சுருக்கி எழுதும் பழக்கமும் அப்படித்தான். ரயில்வே குறியீட்டைப் பார்த்து ராமநாதபுரத்துக்கு ஆர்.எம்.டி., ராமேஸ்வரத்துக்கு ஆர்.எம்.எம். என்று கிறுக்கினால், வியர்வைக் கை பட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஊரின் பெயரைத் தமிழில், பெட்டியின் மேல் பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும், நாலு விரல் உயரத்துக்கு எழுதுங்கள். கிழக்குச் சாலைக்கு ஒரு நிறம், தெற்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் உண்டு, அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

உண்மையில் பெரிய ஓட்டை ஸ்கேன் நடக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் தரையிலேயே இருபது பெட்டியை மளமளவென்று ஸ்கேன் செய்வார், இன்னொருவர் தூக்கி ஏற்றுவார். ஸ்கேனுக்கும் ஏற்றுவதற்கும் நடுவில் பெட்டி எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஸ்கேனர் வண்டியின் வாசலில் இருக்கட்டும். முதலில் வண்டிக்கான பார்கோடு, பிறகு ஒரு பெட்டி, உடனே உள்ளே. அடுத்த பெட்டியை அதற்குப் பிறகுதான் தொடவேண்டும். ஒரு பெட்டிக்குச் சில வினாடி கூடும், கூடட்டும். உங்கள் மென்பொருளில் தவறான வண்டி என்று கத்தும் வசதி இல்லையென்றால், இருபது பெட்டிக்கு ஒருமுறை உள்ளே எண்ணிப் பார்த்து, ஸ்கேன் எண்ணிக்கையோடு ஒத்துப்பாருங்கள். நூற்றைம்பது ஏறிய பிறகு ஒன்று குறைகிறது என்றால் தேடவே முடியாது.

பழைய அட்டைப்பெட்டியில் பழைய லேபிள் இருந்தால், அதன் பார்கோடு மேல் குறுக்கே மார்க்கரால் அடித்துவிடுங்கள். ஸ்கேனருக்கு எது புதுசு என்று தெரியாது. சின்னக் கவர்களைத் தனியாக விடாதீர்கள். பெரிய பெட்டியின் டேப்பில் ஒட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். ஊருக்கு ஒரு பை, பையில் எத்தனை கவர் என்று வெளியே எண்.

வண்டிக்குள் வரிசை தப்புவதும் ஏற்றும் தப்புதான். ராமேஸ்வரம் வண்டியில் ராமேஸ்வரம் பெட்டிகள் முதலில், ஆழத்தில். பிறகு தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம். உச்சிப்புளி கடைசியில், கதவோரம். கனமானது அடியில். பாம்பன் பெட்டி ஆழத்தில் மாட்டிக்கொண்டால், டிரைவர் பாம்பனில் தேடிக் கிடைக்காமல் தாண்டிப் போய், திரும்பும்போது கொடுக்கவேண்டியிருக்கும். அதற்குள் வாடிக்கையாளர் நாலு முறை போன் செய்திருப்பார்.

கதவைச் சாத்தும் முன் தரையை ஒரு சுற்று பாருங்கள்: தூண் பின்னால், மேஜைக்கு அடியில், மடித்த சாக்குக்குள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஈரத்தில் லேபிள் உரிந்து கீழே கிடக்கும். லேபிள் மட்டும் கிடைத்தால் அதன் பெட்டி ஏதோ ஒரு வண்டியில் பெயரில்லாமல் ஏறிவிட்டது என்று அர்த்தம். வண்டி கிளம்பும் முன் தேடுங்கள். அந்த மாதங்களில் லேபிள் மேல் அகலமான ஒளிபுகும் டேப் ஒட்டினால் போதும். பார்கோடு மேல் சுருக்கம் விழாமல் ஒட்டவேண்டும்.

புது ஆளுக்கு முதல் வாரம் ஒரே சாலைதான். பழைய ஆளாக இருந்தாலும் வேக்காட்டில் ஒரே வேலையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காமல், பிரிப்பவரையும் ஏற்றுபவரையும் மாற்றிவிடுங்கள்.

அப்படியும் ஒன்று மாறிப் போனால் டிரைவர் முதல் நிறுத்தத்திலேயே சொல்லவேண்டும். உச்சிப்புளியில் தெரிந்தால் ஒரு பைக்கை அனுப்பி வாங்கிவிடலாம். பாம்பன் பாலம் தாண்டிவிட்டால் அது சாயங்கால வண்டியில்தான் திரும்பும். அந்தப் பெட்டியைத் தன் சீட்டுக்குப் பின்னால் தனிப் பையில் வைக்கட்டும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று மட்டும் பதிவு போட விடாதீர்கள்.

கோயம்புத்தூர் ராமநாதபுரத்துக்கு, அதாவது 641045-க்கு, போகவேண்டியதும் திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடிக்கு உரியதும் உங்களிடம் வந்து இறங்கும். அது மேலிடத்தில் பிரித்தவர்கள் தப்பு. நோட்டில் அதற்கு வேறு பக்கம் ஒதுக்குங்கள், உங்கள் லோடுமேன்கள் கணக்கில் எழுதாதீர்கள்.