நாயோடு மோட்டார்ஹோமில் ஐரோப்பா: திரும்பி வரும் நாளிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். ஜூலை நடுவில் எங்கள் மோட்டார்ஹோமில் கடலடி டனல் வழியாக (வண்டியை ரயிலில் ஏற்றி) பிரான்ஸ் போய், சூரிச்சில் சித்தி வீட்டில் தங்கி, இத்தாலி பார்த்துவிட்டு ஐந்து வாரத்தில் திரும்பத் திட்டம். ஐந்து வயது லாப்ரடார் மணியை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை. ஏஜென்ட் ஒருவர் ரத்தப் பரிசோதனை, பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாம் சேர்த்து 600 பவுண்டு கேட்கிறார். சென்னையிலிருந்து நாயைக் கொண்டுவந்த நண்பரும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்கிறார். டனல் பிரான்சில் முடியும் கலேயில் ஒரு வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) போனால் நாய்க்கு ஐரோப்பிய பாஸ்போர்ட்டே வாங்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? கடைசியில் நான் மட்டும் வேலைக்காக விமானத்தில் திரும்பி, மனைவி வண்டியைக் கொண்டுவர வேண்டியிருக்கலாம். அதில் சிக்கல் உண்டா?

பதில்: முதலில் அந்த 600 பவுண்டைக் கையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போய்த் திரும்பும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு நாயைக் கொண்டுவர வேண்டுமானால், ரேபிஸ் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். அது அவர் வந்த பாதைக்கான சட்டம். உங்கள் பாதைக்கு அது பொருந்தாது. ஏஜென்ட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே அதையும் பில்லில் சேர்க்கிறார் என்றால், மீதி விஷயத்தில் அவரை எப்படி நம்புவது?

மணிக்கு வேண்டியவை மூன்று: சிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு), ரேபிஸ் ஊசி, சான்றிதழ். வரிசை முக்கியம். சிப் பொருத்திய பிறகுதான், அல்லது அதே நாளில்தான், ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசி முந்தி, சிப் பிந்தி என்று ஏட்டில் இருந்தால் அந்த ஊசி கணக்கில் வராது. மறுபடி போட வேண்டும். பிரிட்டனில் நாய்களுக்கு ஆண்டுதோறும் போடும் ஊசிகளில் ரேபிஸ் வழக்கமாகச் சேராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று நினைத்துக்கொண்டு பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்து நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் ஊசி போட்ட பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். முன்பு போட்டு இடையில் காலாவதியாகிவிட்டால், மறுபடி போடுவதும் முதல் ஊசியாகவே கணக்கு. இன்றே மணியின் ஊசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வெட்டிடம் போகும்போது சிப்பையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். தோளில் போட்ட சிப் சில நாய்களுக்கு நகர்ந்து முன்னங்கால் பக்கம் போயிருக்கும். அதைத் தேடும் இடம் உங்கள் ஊர் கிளினிக்காக இருக்கட்டும்.

அடுத்தது ஏ.எச்.சி. என்று நாங்கள் சொல்லும் விலங்கு உடல்நலச் சான்றிதழ். நீங்கள் பிரான்சுக்குள் நுழையும் நாளுக்கு முந்தைய 10 நாட்களுக்குள் இது வழங்கப்பட்டிருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைக்கலாம் என்று மூன்று வாரம் முன்னால் வாங்கினால் அது வெறும் காகிதம். எல்லா வெட்டும் இதைத் தர முடியாது. அரசின் அங்கீகாரம் பெற்ற 'அஃபீஷியல் வெட்' மட்டுமே தரலாம். கோடையில் அவர்களிடம் இடம் கிடைப்பது கஷ்டம். ஆகவே அவர்களைப் பார்க்கும் நாளை இப்போதே பதிவு செய்யுங்கள், ஆனால் அந்த நாள் 10 நாள் எல்லைக்குள் விழட்டும். கட்டணத்தை ஒவ்வொரு கிளினிக்கும் தானே தீர்மானிக்கிறது. 100 பவுண்டுக்கும் கிடைக்கும், 250-க்கு மேலும் கேட்பார்கள். காகிதம் ஒன்றுதான். நாலு இடத்தில் போன் செய்து கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சான்றிதழ் ஆங்கிலத்திலும், ஒன்றியத்தில் நீங்கள் முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். கலே என்றால் பிரெஞ்சு. கடைசி நேரத்தில் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்திலிருந்து ஹாலந்து ஃபெரி மலிவாகக் கிடைக்கிறதே என்று பாதையை மாற்றினால் பிரெஞ்சுச் சான்றிதழ் அங்கே உதவாது. பிரான்சில் சரியாக நுழைந்துவிட்டால் அதே காகிதத்தோடு சுவிட்சர்லாந்து, இத்தாலி போய்வரலாம். உங்கள் ஐந்து வாரத்துக்கு அது தாராளமாகப் போதும். அடுத்த ஆண்டு மறுபடி போனால் மறுபடி புதிது வாங்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. 2020 முடியும் வரை பெட் பாஸ்போர்ட் என்ற ஒரு சின்ன நீலப் புத்தகம் நாயின் ஆயுளுக்கும் போதுமாக இருந்தது. 2021 ஜனவரி 1 முதல், அதே நாய், அதே சிப், அதே ஊசிக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் பக்கம் பக்கமாக நிரப்பி, முத்திரை குத்தி, பொருந்தாத வரிகளை அடித்துக் கையெழுத்திட வேண்டும். இதனால் எந்த நாயும் கூடுதல் ஆரோக்கியம் அடையவில்லை. 2025 மே 19 அன்று பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செல்லப்பிராணிகளின் பயணத்தைச் சுலபமாக்குவோம், பாஸ்போர்ட் வரும் என்று அறிவித்தன. உடனே இணையத்தில் 'புதிய பிரிட்டிஷ் பெட் பாஸ்போர்ட்' என்று பணம் வாங்கும் ஆட்கள் முளைத்துவிட்டார்கள். அறிவிப்பைக் காட்டி எல்லையைத் தாண்ட முடியாது. அரசுத் தளத்தில் நடைமுறை மாறிவிட்டது என்று நீங்களே படிக்கும் வரை, உங்கள் ஆவணம் ஏ.எச்.சி.தான். நாயைப் பார்க்காமலே, சிப்பை ஸ்கேன் செய்யாமலே சான்றிதழ் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

கலே வெட்டிடம் பாஸ்போர்ட் வாங்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அது ஐரோப்பாவில் குடியிருப்பவர்களின் நாய்களுக்கான ஏற்பாடு. ஹாரோவில் வீடு வைத்துக்கொண்டு அதை வாங்கும் வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது. வாங்கியிருந்தாலும், அடுத்த ரேபிஸ் ஊசியை இங்குள்ள வெட் அந்தப் புத்தகத்தில் பதிய முடியாது.

போகும் வழி இவ்வளவுதான். மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் மாட்டுவது திரும்பும்போது.

பிரிட்டனுக்குள் நாய் நுழைவதற்குக் குறைந்தது 24 மணி நேரம், அதிகபட்சம் 120 மணி நேரம் முன்பாக, நாடாப்புழு மாத்திரை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதை வெட்தான் கொடுக்க வேண்டும், ஏ.எச்.சி.யில் அவரே பதிய வேண்டும். கடையில் வாங்கி நீங்களே கொடுத்தால் செல்லாது. இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். நரியிலும் எலியிலும் சுற்றும் ஒரு நாடாப்புழு நாய் மூலமாக மனிதருக்கு வந்தால், கல்லீரலில் கட்டியைப் போல வளரும். கிழக்கு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று நீங்கள் போகும் பாதையில் அது இருக்கிறது, பிரிட்டனில் இல்லை. இந்த ஒரு மாத்திரைக்கு அர்த்தம் இருக்கிறது.

கணக்கை இப்படிப் போடுங்கள். உங்கள் டனல் ரயில் சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மதியம் 12-க்கு முன்பு மாத்திரை கொடுத்தால் காலம் கடந்துவிடும். வெள்ளி மதியம் 12-க்குப் பிறகு கொடுத்தால் 24 மணி நேரம் ஆகியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் புதன் அல்லது வியாழன் காலை சரியான நேரம். ரயில் ஒரு நாள் தள்ளிப்போனாலும் தாங்கும். பலர் வெள்ளி மாலை கலேக்கு வந்து சேர்ந்து, அப்புறம் வெட்டைத் தேடுகிறார்கள். பிரான்சில் பல கிளினிக்குகள் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு கிடையாது. ஜூலை 14-உம் ஆகஸ்ட் 15-உம் பொது விடுமுறை. ஆகஸ்டில் டாக்டரே விடுமுறைக்குப் போயிருப்பார். மோட்டார்ஹோமில் போகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் கூடுதல்: இன்று எங்கே தூங்குவோம் என்பதே மாலையில்தான் முடிவாகும். அந்த ஒரு வாரம் மட்டும் சுதந்திரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ரைம்ஸ், திஜோன் போன்ற ஊர் ஒன்றைத் தேர்ந்து, ஹாரோவிலிருந்து கிளம்பும் முன்பே புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய கிளினிக்குகளில் கூட்டமும் அதிகம், கட்டணமும் அதிகம்.

அங்கே மேசையை விட்டு நகரும் முன் பதிவைப் படியுங்கள். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தேதி, நேரம், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். அடிக்கடி விடுபடுவது நேரம். மருந்தில் இந்த நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல், அல்லது அதற்கு இணையானது, இருக்க வேண்டும். பிழை இருந்தால் நாயை ஏற்றமாட்டார்கள். எப்படியோ வந்து சேர்ந்தாலும் 4 மாதம் வரை தனிமைப்படுத்த முடியும், அந்தச் செலவு உங்களுடையது. 'போகும்போது யாரும் காகிதத்தையே பார்க்கவில்லை' என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். திரும்பும்போது பார்ப்பார்கள்.

'நார்வே, பின்லாந்து, அயர்லாந்து, மால்டாவிலிருந்து வந்தால் மாத்திரை வேண்டாம்' என்று ஒரு விலக்கு உண்டு. உங்கள் பயணத்தில் இவை இல்லை. ஆனாலும் மோட்டார்ஹோம்காரர்கள் இதில் திரும்பத் திரும்ப ஏமாறுவதால் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து நேராக பிரிட்டனுக்கு வந்தால்தான் விலக்கு. நார்வேயில் ஒரு மாதம் இருந்துவிட்டு, டென்மார்க், ஜெர்மனி, ஹாலந்து வழியாக வண்டியை ஓட்டிக் கலேக்கு வருகிறவருக்கு விலக்கு இல்லை. பயணத்தின் பெரும்பகுதி நார்வேயில்தானே என்ற வாதம் எடுபடாது. அயர்லாந்து வழியாகச் சுற்றி வந்தால் தப்பிக்கலாம் என்றும் கேட்கிறார்கள். பிரான்சிலிருந்து அயர்லாந்துக்குள் நுழையவே இதே 24 முதல் 120 மணி நேர மாத்திரை வேண்டும். ஆக, குறுக்கு வழி இல்லை.

டனலைத் தேர்ந்தது நல்லது. 35 நிமிடமும் மணி உங்களோடு வண்டியிலேயே இருப்பான். டோவர்-கலே ஃபெரியில் பெரும்பாலும் நாயை வண்டிக்குள் விட்டுவிட்டு மேலே போக வேண்டியிருக்கும். கோடை வெயிலில் எனக்கு அது பிடிக்காது. சமையல் கேஸ் சிலிண்டர் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, மூடி வையுங்கள்.

சமையல் என்றதும் நினைவுக்கு வருகிறது: பிரிட்ஜைக் காலி செய்துவிட்டுப் புறப்படுங்கள். பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் கொண்டுபோகக் கூடாது. வழிக்குக் கட்டிய மட்டன் கறியும் தயிரும் அதில் அடங்கும். மணியின் சாப்பாடும் அடங்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. வழக்கமான நாய் உணவில் இறைச்சி இருக்கிறதே! உடல்நலக் காரணத்துக்கான சிறப்பு உணவு மட்டும், பிரிக்காத பாக்கெட்டில், 2 கிலோ வரை அனுமதி. மற்றதை பிரான்சில் வாங்குங்கள். திரும்பும்போது சலாமி, சீஸ் ஆசையும் வேண்டாம். 2025 ஏப்ரல் 12 முதல் அவற்றைத் தனிப்பட்ட உபயோகத்துக்கும் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை.

எந்த அதிகாரியும் கேட்காத, ஆனால் நான் வற்புறுத்துகிற விஷயம் ஒன்று: தெற்கு பிரான்சிலும் இத்தாலியிலும் மணல் ஈக்கள் கடித்து லீஷ்மேனியா நோய் வரும். ஆயுளுக்கும் மருந்து கொடுக்க வேண்டிய நோய் அது. மணல் ஈயை விரட்டும் டெல்டாமெத்ரின் காலரைக் கிளம்புவதற்கு ஒரு வாரமாவது முன்பே போடுங்கள். அந்தி சாய்ந்ததும் நாய் வண்டிக்குள் வந்துவிட வேண்டும்.

கடைசிக் கேள்வி. மனைவி வண்டியைக் கொண்டுவரலாம், ஆனால் உங்கள் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடைவெளி 5 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் அதை விற்பனைக்கான போக்குவரத்துப் போலக் கணக்கிட்டு வேறு விதிகளைக் கொண்டுவருவார்கள். உங்கள் பெயரில் சான்றிதழ் இருந்தால், இன்னார் என் சார்பில் நாயை அழைத்து வருகிறார் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் அவரிடம் இருக்க வேண்டும். இதைவிடச் சுலபம், ஏ.எச்.சி. வாங்கும் நாளில் மனைவியையே உரிமையாளராகக் குறிக்கச் சொல்வது. முதலிலிருந்து கடைசி வரை மணியோடு இருக்கப்போவது அவர்தானே. அப்படிச் செய்தால் நீங்கள் எந்த நாள் விமானம் ஏறினாலும் அந்தக் காகிதத்துக்குப் பாதிப்பில்லை.